மூடி அங்கே, பானை இங்கே!

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு. பச்சைப் பெயிண்ட் உரிந்து, கொக்கி துருப்பிடித்து, பார்ப்பதற்கு லட்சணமாக இருக்காது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும் போதெல்லாம் என் வீட்டுக்காரர், "இதைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டால் என்ன?" என்பார். நான் வாயே திறக்க மாட்டேன். தூசியைத் துடைத்து மறுபடியும் மேலே ஏற்றிவிடுவேன்.

அப்படி அதற்குள் என்ன பொக்கிஷம் என்று கேட்கிறீர்களா? விலை பேசினால் நூறு ரூபாய் கூடத் தேறாது. ஆனால் அந்தப் பெட்டியால் நானும் என் கூடப் பிறந்த அக்காவும் இருபத்தெட்டு வருஷம் மனம் விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. அதே பெட்டியால் 2025-ல் என் பேத்தியின் உயிரே போகப் பார்த்தது. கடைசியில் எங்கள் இருவரையும் சேர்த்து வைத்ததும் அதே பெட்டிதான். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இருக்கும் உங்களுக்கு இது உபயோகப்படும் என்றுதான் கூச்சத்தை விட்டு எழுதுகிறேன்.

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். தேரடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்து. அப்பாவுக்குச் சோடா வியாபாரம். கோலி சோடா என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். ஆனால் அந்தக் கோலி பாட்டிலுக்குள் எப்படி நிற்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். பாட்டிலின் கழுத்துக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். வாயுவும் தண்ணீருமாக அடைத்துப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் கோலி கழுத்துக்கு வந்துவிடும். உள்ளே இருக்கிற வாயுவே அதை ரப்பரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வேறு மூடியே வேண்டாம். 1870-களில் ஹைரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்த யுக்தி இது. அவருடைய நாட்டில் அது எப்போதோ வழக்கொழிந்து போயிற்று. நம் ஊரில் இன்றைக்கும் வெயில் காலத்தில் 'டப்' என்று சத்தம் கேட்கிறது!

சோடா அடைக்கும்போது அப்பா எங்களைப் பக்கத்தில் விட மாட்டார். அழுத்தம் தாங்காமல் சில சமயம் பாட்டில் வெடிக்கும். அவருடைய இடது கையில் கட்டை விரலிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தழும்பு இருந்தது. ஆனால் வெடித்த பாட்டிலிலிருந்து விழும் கோலி எங்களுக்குத்தான். கண்ணாடிச் சில்லு ஒட்டியிருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, வெந்நீரில் கழுவி, "இது பெரியவளுக்கு, இது சின்னவளுக்கு" என்று கொடுப்பார். ஒற்றையாக ஒரு கோலி மிஞ்சினால் அதை யாருக்கும் தர மாட்டார். தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்வார். அடுத்த பாட்டில் உடைந்து ஜோடி சேர்ந்த பிறகுதான் பங்கு. "ரெண்டு பிள்ளை இருக்கிற வீட்டுல ஒத்தைச் சாமான் ஆகாது" என்பது அவருடைய சட்டம்.

இப்படிச் சேர்ந்த கோலிகள் லேசான பச்சை நிறத்தில் தண்ணீர்த் துளி மாதிரி இருக்கும். கடையில் விற்கும் கோலிக்குள்ளே பூப் போட்டிருக்கும். இரண்டு பூக் கோலிக்கு ஒரு சோடாக் கோலி என்று தெருப் பையன்கள் எங்களிடம் மாற்றிக்கொண்டு போவார்கள். நாங்கள் மட்டுமென்ன, உலகம் முழுவதும் குழந்தைகள் இப்படித்தான் கோலியை மாற்றியிருக்கிறார்கள். ஜெர்மனியில் லௌஷா என்ற ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்ணாடிக் கோலி செய்திருக்கிறார்கள். இன்று அந்தப் பழைய கோலிகளைத் தேடி அலைகிறவர்களும் உண்டாம். அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்.

பெட்டியில் இரண்டாவது சொத்து, செப்புச் சாமான். ஆடிப்பூரத் தேருக்குக் கடைகள் போட்டிருந்தபோது, ஒரு வருஷம் அம்மா ஓலைப் பெட்டியோடு வாங்கிக் கொடுத்தாள். அம்மி, குழவி, ஆட்டுக்கல், திருகை, உரல், உலக்கை, அடுப்பு, குடம், மூடி போட்ட பானைகள் என்று சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு குடித்தனமே அதில் இருந்தது. எல்லாம் அம்பாசமுத்திரத்துக் கடைசல். மரத்தைக் கடைசல் பட்டறையில் சுழல விட்டு, அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்திப் பிடிப்பார்கள். உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். தூரிகையும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். அந்த அம்பாசமுத்திரம் செப்புச் சாமானுக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று படித்தபோது, ஏதோ எங்கள் வீட்டுக்கே பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

மூன்றாவது, தீப்பெட்டிப் படங்கள். சிவகாசியில் எங்கள் சித்தி இருந்தாள். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்த கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அச்சுப் பிசகிய லேபிள்களைச் சித்தி ஒரு துணிப் பையில் சேர்த்து வைத்துத் தருவாள். மயில், கப்பல், தாமரை, சாவி, கோழி என்று எத்தனை விதம்! வட்டம் கிழித்து நடுவில் படங்களை அடுக்கி, தூரத்திலிருந்து சில்லால் அடித்து வெளியே தள்ளினால் அது நம்முடையது.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாங்கள் படம் சேர்த்துக் கொண்டிருந்தபோது, எங்கள் வயதேயான சித்தி பெண்கள் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக் கொண்டிருப்பார்கள். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. விரலெல்லாம் பசை காய்ந்து வெள்ளையாக இருக்கும். எங்களுக்கு அந்தப் படம் விளையாட்டு. அவர்களுக்கு அதுதான் அன்றைய சோறு. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காகத் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996-ல் தீர்ப்பும் சொல்லிற்று. அந்தப் பெண்களுக்கு அதெல்லாம் வருவதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. இன்றும் அந்தப் படங்களை எடுத்துப் பார்க்கும்போது மயிலும் தாமரையும் மட்டும் எனக்குத் தெரிவதில்லை; பசை காய்ந்த அந்த விரல்களும் தெரிகின்றன.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

எனக்கு ராஜபாளையத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அக்காவுக்கு உள்ளூரிலேயே அமைந்து, அம்மா வீட்டிலேயே இருந்தாள். அப்பா காலமான பிறகு அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். 1997-ல் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பாத்திரங்களைப் பங்கு போட்டுக் கொண்டிருந்தோம். அண்டா, குத்துவிளக்கு எதற்கும் சண்டை வரவில்லை. நான் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினேன் பாருங்கள், அப்போதுதான் வந்தது.

"ராஜபாளையத்துல உன் வீட்டுல இல்லாத சாமானா? இதையும் தூக்கிட்டுப் போகணுமா?" என்றாள் அக்கா.

"அம்மா வீட்டையே வச்சிருக்கே. உனக்கு இது எதுக்கு?" என்றேன் நான்.

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவுக்கு மலம், மூத்திரம் எடுத்துப் போட்டவளிடம், 'வீட்டை வச்சிருக்கே' என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? அவள் பதில் பேசவில்லை. ஓலைப் பெட்டிக்குள் கைவிட்டுக் கைக்கு வந்ததை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நானும் வீம்பாகத் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் பானைகள் என்னிடம் இருந்தன, மூடிகள் இல்லை. ஆட்டுக்கல் இருந்தது, குழவி இல்லை. எல்லாம் அவளுடைய மடியோடு போயிருந்தது. கேட்டால் கொடுத்திருப்பாள். யார் கேட்பது?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் அரை மணிப் பயணம். அந்த அரை மணியைக் கடக்க எங்களுக்கு இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று! கல்யாணம், காதுகுத்து என்றால் இருவரும் போவோம். "வாக்கா", "சாப்ட்டியா" என்பதோடு சரி. அவள் பந்தியின் அந்தக் கோடியில் உட்காருவாள், நான் இந்தக் கோடியில்.

2025 ஆவணி மாதம். என் மகன் வயிற்றுப் பேத்திக்கு இரண்டரை வயது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை ஏதோ அழிச்சாட்டியம் பண்ணிக் கொண்டிருந்தாள். அவளைச் சமாதானப்படுத்த நானாகத்தான் அந்தப் பெட்டியை இறக்கினேன். செப்பையும் கோலியையும் தரையில் பரப்பினேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது. எழுந்து போய் அணைத்துவிட்டுத் திரும்பினேன். ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது.

குழந்தை வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அழுகை இல்லை, இருமல் இல்லை, சத்தமே இல்லை. உதடு நீலம் பூக்கிறது. 'மூச்சடைத்தால் குழந்தை கத்தும், நமக்குக் கேட்கும்' என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். முழுக்க அடைத்துவிட்டால் சத்தமே வராது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் பதறிப் போய் அவள் வாய்க்குள் விரலை விட்டேன். அதற்குள் மருமகள் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டாள். "அத்தை, விரலை விடாதீங்க. இன்னும் உள்ளே போயிரும்!" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையை முன்பக்கமாகக் குனிய வைத்து, ஒரு கையால் நெஞ்சைத் தாங்கிக்கொண்டு, மறு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே ஓங்கித் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது தட்டில் கோலி தெறித்து விழுந்து, உருண்டு போய் வாசற்படியில் இடித்து நின்றது. பிறகுதான் பிள்ளை அழுதாள். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை என் ஆயுளில் நான் கேட்டதில்லை.

மருமகள் ஒரு நூற்பாலை ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அங்கே நடத்திய முதலுதவி வகுப்பில் கற்றுக்கொண்டதாம். உடனே ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போய்க் காட்டினோம். அந்த டாக்டரம்மா சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். தயவு செய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை பலமாக இருமிக்கொண்டிருந்தால் இரும விடுங்கள். அதுவே வெளியே தள்ளிவிடும். சத்தம் வராமல் திணறினால் முன்னே குனிய வைத்து முதுகில் 5 முறை தட்ட வேண்டும். வரவில்லையென்றால், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையைப் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுஷ்டியை வைத்து, உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்த வேண்டும். மாறி மாறி இதையே செய்ய வேண்டும். ஒரு வயதுக்குள் என்றால் வயிற்றை அழுத்தவே கூடாது. முன்கையில் குப்புறப் போட்டுத் தலை தாழ்ந்திருக்கும்படி முதுகில் 5 தட்டு. பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவே 5 அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலை விடக் கூடாது. இதற்குள் இன்னொருவர் 108-க்குப் போன் பண்ணிவிட வேண்டும். பொருள் வெளியே வந்துவிட்டாலும், வயிற்றை அழுத்தியிருந்தால் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக் குப்பைத் தொட்டிக்குக் கிளம்பியதுதான். மருமகள் வழி மறித்தாள்.

"பெட்டி என்னத்தை பண்ணுச்சு? மூணு வயசு ஆகாத பிள்ளை கையில கோலியைக் குடுத்தது நம்ம தப்பு. அதோட, இதுல பாதி பெரியம்மாவோடதாமே? அவங்களை ஒரு வார்த்தை கேக்காம எறியலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. நேற்று வந்த பெண்ணுக்குத் தெரிகிற நியாயம் எனக்குத் தெரியவில்லையே! அவளே போனைப் போட்டு என் காதில் வைத்துவிட்டாள். நான் என்ன சொல்லி ஆரம்பித்தேன் என்று ஞாபகமில்லை. கோலி, பிள்ளை, மூச்சு என்று ஏதோ உளறினேன். அந்தப் பக்கம் அக்கா கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?" இரண்டாவது கேள்வி, "நீ சாப்ட்டியா?"

மறுநாள் காலை முதல் வேலையாக வந்துவிட்டாள். எழுபதை நெருங்குகிறாள், முழங்கால் வலி வேறு. ஒரு கையில் பால்கோவாப் பொட்டலம், மறு கையில் மஞ்சள் பை. பையை என் முன்னால் கவிழ்த்தாள். பானை மூடிகள், ஆட்டுக்கல் குழவி, கோலியைத் தட்டி இறக்க அப்பா வைத்திருந்த மரக்கட்டை. எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி வைத்திருந்தாள். கடைசியாக இடுப்பிலிருந்த சுருக்குப் பையைப் பிரித்து ஒரு கோலியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"அப்பா போன அன்னிக்கு அவர் சட்டைப் பையில இருந்துச்சு. ஒத்தைக் கோலி. எனக்கா உனக்கான்னு தெரியல. ஜோடி சேராம யாருக்குன்னு குடுக்கிறது? அதான் வச்சிட்டேன். நீ கேப்பே, குடுப்போம்னு இருந்தேன். நீ கேக்கவே இல்லியே புள்ள" என்றாள்.

இருவரும் அழுது முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. அதற்குள் பேத்தி பால்கோவாப் பொட்டலத்தைப் பாதி காலி பண்ணியிருந்தாள்.

பிறகு உட்கார்ந்து பானைக்கு மூடி சேர்த்தோம். ஒன்றே ஒன்று மட்டும் பொருந்தவில்லை. "இது நம்மதே இல்லடி. அடுத்த வீட்டுப் பிள்ளையோடதை நீதான் தூக்கிட்டு வந்திருப்பே" என்று அக்கா சொல்ல, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்த வருஷ நவராத்திரிக் கொலுவில் கடைசிப் படியை இந்தச் சாமான்களுக்கே ஒதுக்கினோம். வெற்றிலை பாக்குக்கு வந்தவர்கள் சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தப் படியை விட்டு நகரவே இல்லை! "எங்க வீட்லயும் இருக்கு, எடுத்துட்டு வரவா?" என்று ஒவ்வொருவராகக் கேட்க, சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு டப்பாவோடு கூடிவிட்டார்கள்.

ஒரு மாமி மரப்பாச்சி ஜோடி கொண்டு வந்தாள். நாலு தலைமுறை கடித்த பல் தடம் அதில் இருந்தது. சத்திரப்பட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண், பேண்டேஜ் துணியில் அவளுடைய அம்மா தைத்துக் கொடுத்த பொம்மையைக் காட்டினாள். இன்னொருத்தி தபாலாபீஸில் பணம் கட்டி முத்திரை குத்திய ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தை வைத்திருந்தாள். ரேடியோ கேட்க லைசென்ஸ் வேண்டியிருந்தது என்றால் பேரப் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்! 1957-ல் வந்த நயா பைசாக்களை ஒருத்தி பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். மற்றொருத்தி தகரக் கப்பலைக் கொண்டு வந்து பெரிய தாம்பாளத்துத் தண்ணீரில் விட்டாள். எண்ணெய்த் திரியை ஏற்றி வைத்தால், உள்ளே சின்னத் தகட்டறையில் தண்ணீர் கொதித்து ஆவியாகிக் குழாய் வழியே தண்ணீரைத் தள்ளும். ஆவி குளிர்ந்ததும் மறுபடி தண்ணீரை உள்ளே இழுக்கும். அந்தத் தள்ளலில்தான் கப்பல் 'டபடப' என்று ஓடுகிறது. அறுபது வயதுப் பெண்களெல்லாம் தாம்பாளத்தைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து கைதட்டியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

இரண்டு வைத்திருந்தவர்கள் ஒன்றை மாற்றிக்கொண்டார்கள். காசுப் பேச்சே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். பேண்டேஜ் பொம்மைக்காரிக்கு நான் நாலு தீப்பெட்டிப் படம் கொடுத்தேன். அவள் எனக்கு ஒரு பூக் கோலி கொடுத்தாள். ஒவ்வொரு சாமானுக்கும், 'இது யாருடையது, யார் வாங்கிக் கொடுத்தது' என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைக்கச் சொன்னது அக்காவின் யோசனை. அவள் சொன்னது சரிதான். நாம் போன பிறகு இது வெறும் மரமும் தகரமும்தானே? அந்தக் காகிதம் இருந்தால் அது குடும்பத்தின் கதை.

குப்பை என்று நாம் ஒதுக்குவது எத்தனை பெரிய காரியமாகும் என்பதற்குப் புனாவில் ஒரு சாட்சி இருக்கிறது. தினகர் கேல்கர் என்பவருக்கு ராஜா என்று ஒரே மகன். சிறு வயதிலேயே இறந்துவிட்டான். அந்தப் பிள்ளையின் நினைவாக அவர் ஊர் ஊராக அலைந்து விளக்கு, பாக்குவெட்டி, பாத்திரம், பொம்மை என்று வீட்டுச் சாமான்களாகவே ஆயிரக்கணக்கில் சேர்த்தார். பின்னால் அத்தனையையும் அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டார். மகன் பேரிலேயே அது மியூசியமாக நிற்கிறது. டில்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-ல் தொடங்கிய பொம்மை மியூசியமும், அவருக்கு அன்பளிப்பாக வந்த ஒரே ஒரு ஹங்கேரிப் பொம்மையில் ஆரம்பித்ததுதான். அவ்வளவு தூரம் எதற்கு? எங்கள் ராஜபாளையத்தில் பி.எஸ். குமாரசாமி ராஜா தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். பெட்டிக்குச் சண்டை போட்ட நான் அந்த வழியாகப் போகும்போது இப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

எங்கள் மாவட்டத்திலேயே வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரையில், 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. சுடுமண் ஆட்டக்காய்களும், வட்டச் சில்லுகளும், கண்ணாடி மணிகளும், சங்கு வளையல்களும் நிறையக் கிடைத்தன. எந்தக் காலத்துப் பெண் குழந்தை எறிந்து விளையாடிய சில்லோ! எங்கள் ஊர் ஆண்டாளும், தாங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்காதே என்று சிறுமிகள் கண்ணனிடம் கெஞ்சுவதாக நாச்சியார் திருமொழியில் பாடி வைத்திருக்கிறாள். விளையாட்டுச் சாமானுக்கு மனசு வலிப்பது ஒன்றும் புதிதில்லை.

ஆனால் சகோதரிகளே, ஆசை வேறு, ஜாக்கிரதை வேறு. நானும் அக்காவும் மருமகளும் உட்கார்ந்து பெட்டியை மூன்று கூறாகப் பிரித்தோம். நீங்களும் உங்கள் வீட்டில் செய்யலாம்.

முதல் கூறு, குழந்தை கையில் தரக்கூடியவை. விரிசல், சிம்பு இல்லாத பெரிய மரச் சாமான், துவைத்த துணிப் பொம்மை இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொம்மையில் பொத்தான் கண் தைத்திருந்தால் பிரித்துவிட்டு நூலாலேயே கண் போடுங்கள்.

இரண்டாவது, பெரியவர்கள் பக்கத்தில் இருந்து காட்ட வேண்டியவை. கோலி, புளியங்கொட்டை, சோழி, காசு, சின்னச் செப்பு எல்லாம் மூன்று வயது தாண்டும் வரை எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மூன்று வயதுக்கு மேலும் எதையும் வாயில் போடுகிற குழந்தையானால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். பழைய பெயிண்ட் அடித்த தகரப் பொம்மையும் இந்தக் கூறுதான். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உரிந்த செதில் வயிற்றுக்குள் போனால் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கே கெடுதல். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. புதுப் பொம்மை வாங்குகிறவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரி முதல் அது கட்டாயம்.

மூன்றாவது, தூக்கி எறிய வேண்டியவை. விளிம்பு கூராகிப் போன தகரம், உடைந்த கண்ணாடி, லேசில் தீப்பற்றும் பழைய செல்லுலாய்டு பொம்மை. பாட்டுப் பாடும் பொம்மைக்குள் வட்டமாகப் பளபளக்கும் பொத்தான் பேட்டரி இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பெட்டிக்குள் அந்துருண்டை போடாதீர்கள். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும், அது விஷம். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடுங்கள், போதும். அரக்குச் சாமானைத் தண்ணீரில் ஊற வைக்காமல் உலர்ந்த துணியால் துடையுங்கள்; வெயிலில் வைத்தால் நிறம் மங்கும். காகிதப் படத்தில் செல்லோடேப் ஒட்டினால் மஞ்சளாகிக் கெட்டுவிடும். வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்தாலே நன்றாக இருக்கும்.

அக்காவும் நானும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பெட்டி ஒரு வருஷம் ராஜபாளையத்தில், ஒரு வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில். எங்கே இருந்தாலும் மூடியும் பானையும் சேர்ந்தே இருக்க வேண்டும். இப்போது அவளுடைய முறை. விஜயதசமி கழித்துப் படிகளைக் கலைத்த கையோடு நானே பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அதே பரண், அதே மூலை.

பேத்தியின் தொண்டையிலிருந்து விழுந்த கோலியை மட்டும் நான் கொடுக்கவில்லை. அதையும் அப்பாவின் சட்டைப் பைக் கோலியையும் ஜோடியாக ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்து, பூஜை அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு. அவள் வரும்போது எடுத்துப் பார்ப்பாள். மாதத்தில் இரண்டு தடவையாவது வருகிறாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். குழந்தைகள் தூங்கும் நேரமாகப் பார்த்து ஒருநாள் இறக்கிப் பாருங்கள். மூடி இல்லாத பானை ஏதாவது இருந்தால், அந்த மூடி யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வீம்பு பார்க்காமல் ஒரு போன் போடுங்கள்.